முதல் பாய்ச்சல்

வசந்தமணி டீச்சரிடம் வேலை கற்க வந்தவர்களில் நாச்சிமுத்து ஒருவர்தான் டீச்சரைவிட வயதில் மூத்தவர்.

டீச்சருக்கு நாற்பதை ஒட்டிய வயது. முன்பு பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்திக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு அரசூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டார். சுற்றிலும் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகள். இரும்பை உருக்கும் மின் உலைகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பேனல்கள் பீரோ உயரத்துக்கு இருக்கும். அவை பழுதானால் டீச்சரிடம் வரும். புதிதாகவும் செய்து கொடுப்பார்.

நாச்சிமுத்து சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாள் காலையில் வந்து கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர்ங்கறது யாருங்க?"

"நான்தானுங்க. சொல்லுங்க."

"எனக்கு இந்த வேலை கத்துக்கணும்."

"எதுக்குங்க?"

"என்ற மருமகன் தினகரன், ஃபவுண்டரில கரண்ட் வேலை பார்த்தான். பேனல் வெடிச்சுச் செத்துட்டான். எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியணும்."

டீச்சருக்கு அந்த விபத்து தெரியும். அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை.

தினகரன் தீக்காய வார்டில் பல நாள் கிடந்தான். ஒருமுறை நினைவு வந்து, பக்கத்தில் இருந்த மாமனாரிடம், "சம்பத் சார்தான் தகடு வெக்கச் சொன்னாரு மாமா" என்றான். சம்பத் அந்த ஃபவுண்டரியின் மேனேஜர். அந்தச் சொல் வேறு யார் காதிலும் விழவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் விசாரணையில் தெரியாது என்றார்கள். தகட்டை அவனே வைத்தான், அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவின் மகள் கோகிலா கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

"என்ன தகடுன்னு கேட்டேன். யாரும் எனக்குப் புரியற மாதிரி சொல்லலீங்க" என்றார் நாச்சிமுத்து. "புத்தியில்லாதவனாட்டம் நிக்கறேன்."

டீச்சர் வாசலிலிருந்து விலகி வழி விட்டார்.

"உள்ள வாங்கண்ணா" என்றார்.

அன்று எதையும் விளக்கவில்லை. மேசைமேல் ஒரு கெப்பாசிட்டரை வைத்தார். டப்பா அளவு இருந்தது. டி.சி. கரண்ட் அதற்குப் போகிற வழியில் ஒரு குண்டு பல்பை மாட்டினார்.

"போடுங்க."

நாச்சிமுத்து சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மங்கியது. மங்கி மங்கி அணைந்துபோனது.

"என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"அணைஞ்சு போச்சுங்க."

"ஏன்?"

டீச்சர் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீச்சர் பட்டறையைப் பூட்ட வரும்போது எழுந்து நின்றார்.

"உள்ள நிறைஞ்சு போச்சு. அதனால இழுக்கறதை நிறுத்திக்கிச்சு. சரிங்களா?"

"சரிங்க."

மறுநாள் டீச்சர் பல்பைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஃபியூஸை வைத்தார். கெப்பாசிட்டரில் மிச்சமிருந்ததை வடித்து அதைக் காலியாக்கினார். முகத்துக்கு ஒரு கண்ணாடி மூடியைக் கொடுத்து நாச்சிமுத்துவைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

பட்டென்று ஒரு வெளிச்சம். ஃபியூஸ் கருகிவிட்டது. கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஆஃப்ல கிடக்கறப்ப இது வெறுமையா இருக்குங்கண்ணா. கரண்டைப் பார்த்ததும் மொத்தத்தையும் ஒரே இழுப்புல இழுக்கும். அந்த முதல் பாய்ச்சலைத் தாங்கறதுக்குத்தான் நடுவுல ஒண்ணு வெக்கறோம். இங்க பல்பு. பெரிய பேனல்ல ரெசிஸ்டன்ஸ்னு ஒண்ணு. கெப்பாசிட்டர் நிறைஞ்சதும் அது தானா ஒதுங்கிக்கும்."

"தகடு?"

"அந்த ரெசிஸ்டன்ஸோட ரெண்டு முனையையும் ஒரு செம்புத் தகட்டால சேர்த்துட்டா, அது இருந்தும் இல்லாத மாதிரி."

நாச்சிமுத்து கருகிய ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எதுக்குங்க அப்படிச் செய்யோணும்?"

"கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வந்தா ரெசிஸ்டன்ஸ் சூடாயிரும். அது ஆறுற வரைக்கும் பேனல் ஆன் ஆகாது. அதுக்குள்ள உலையில இருக்கற இரும்பு இறுக ஆரம்பிச்சுரும். தகடு வெச்சா காத்திருக்க வேண்டியதில்லை."

"வெச்ச அன்னைக்கே வெடிச்சிருக்குமே."

"இல்லீங்க. பல தடவை ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகலைங்கறதாலதான் அப்படியே விட்டுர்றாங்க."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். பிறகு, "இன்னொரு ஃபியூஸ் இருக்குங்களா?" என்றார்.

டீச்சர் கொடுத்தார். அதையும் அவர் எரித்தார். இன்னொன்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அந்த வெளிச்சத்தைக் கண்ணை அகற்றாமல் பார்த்தார். ஃபியூஸ் பெட்டி காலியாகும் வரை டீச்சர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காலியானதும், "நாளைக்கு வாங்க" என்றார்.

நாச்சிமுத்து தினமும் வந்தார். தறியில் பழகிய கை. கம்பி முறுக்குவதும் போல்ட் இறுக்குவதும் சீக்கிரம் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. நிறத்தையும் இடத்தையும் வைத்து நினைவில் வைத்துக்கொண்டார். தேவைக்கு மேல் பேசமாட்டார். பட்டறையில் வேலை பார்த்த மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போதும் அவர் பேனல் முன்னால் நின்றிருப்பார்.

ஒரு நாள் கேட்டார்:

"நடுவுல பல்பு இருந்தாலும், கடைசியில உள்ள போய்ச் சேர்றது அதே அளவுதானுங்களே?"

"அதே அளவுதான்."

"அப்ப பல்பு எதைத் தடுக்குது?"

டீச்சர் பழைய பல்பை மறுபடி மாட்டினார். சுவிட்சைப் போட்டு, நிறுத்தி, வடித்து, மறுபடி போட்டார். திரும்பத் திரும்பச் செய்தார்.

"பல்பைத் தொட்டுப் பாருங்க."

நாச்சிமுத்து தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். விரல் நுனி சிவந்துவிட்டது.

"உள்ள எவ்வளவு போய்த் தங்குதோ, அதே அளவு இதுல எரியுதுங்க" என்றார் டீச்சர். "பெரிய பல்பு போட்டாலும் அப்படித்தான், சின்னப் பல்பு போட்டாலும் அப்படித்தான்."

நாச்சிமுத்து விரலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப யாராவது எரிஞ்சுதான் ஆகோணும்" என்றார்.



இன்னொரு நாள் மதியம். சாப்பாட்டு நேரம். இருவரும் மட்டும் இருந்தார்கள்.

"டீச்சர், தகடு வெச்சாலும் பல தடவை ஒண்ணும் ஆகாதுன்னீங்க. முதல் தடவையே வெடிக்கற மாதிரி வெக்க முடியுங்களா?"

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"முடியும்."

"எப்படிங்க?"

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன்."

"சரிங்க" என்றார் நாச்சிமுத்து. சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடி வைத்துவிட்டு கை கழுவப் போனார். பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காதது டீச்சருக்கு உறுத்தலாகவே இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், தினகரன் செத்த அதே ஃபவுண்டரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெடித்த பேனலுக்குப் பதிலாகப் புதிய பேனல் வேண்டும்.

டீச்சர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வேலையை எடுக்கலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்கண்ணா. வேண்டாம்னா திருப்பி அனுப்பிர்றேன்."

"நாம எடுக்காட்டி வேற ஒருத்தரு எடுப்பாரு. அவங்க எப்படிச் செய்வாங்களோ. நாமளே செய்யலாங்க."

"செஞ்சு முடிச்சா அங்க போய் மாட்டோணும். நீங்க வரவேண்டியதில்லை."

"வர்றனுங்க."

பேனலின் பெரும்பகுதியை நாச்சிமுத்துவே கட்டினார். டீச்சர் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டுகிற நாளில் இருவரும் வேனில் பேனலோடு போனார்கள். உலைக்குப் பக்கத்துச் சுவரில் கரி படிந்திருந்தது. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

கேபிள்களை இணைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. டீச்சர் அலுவலகத்துக்குப் போய் மெயின் சப்ளை பற்றிப் பேசிவிட்டு வந்தார். அதுவரை பேனல் பக்கத்தில் நாச்சிமுத்து மட்டும்தான் இருந்தார். டீச்சர் திரும்பி வந்தபோது அவர் பேனல் கதவை மூடித் திருகிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

சம்பத் வந்தார். சந்தனம் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். ஒருவர் பேனலுக்கு மாலை போட்டார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். உலையில் வேலை செய்கிற ஆட்கள் கூடி நின்றார்கள். சூடம் காட்டினார்கள்.

"மேடம், ஆன் பண்ணிரலாமா?" என்றார் சம்பத்.

டீச்சர் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து பேசினார்.

"நீங்களே உங்க கையால ஆன் பண்ணுங்க சார். இங்க வந்து நேரா நில்லுங்க."

மாட்டுகிற இடத்தில் நாச்சிமுத்து தானாக வாய் திறந்து டீச்சர் பார்த்ததே இல்லை. புதுப் பேனலுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, ஆன் பண்ணுகிறவரும் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சம்பத் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

டீச்சர் அவருக்கும் பேனலுக்கும் நடுவில் போய் நின்றார்.

"இல்லீங்க சார். முதல் தடவை நாங்கதான் போடுவோம். நீங்க எல்லாரும் அந்தத் தூணுக்குப் பின்னால போயிருங்க."

சம்பத்துக்குக் கொஞ்சம் முகம் வாடியது. ஆனாலும் போனார். ஆட்களும் போனார்கள்.

டீச்சர் பக்கவாட்டுக்கு நகரவில்லை. கதவுக்கு நேராக நின்று பிரேக்கர் கைப்பிடியைப் பிடித்தார். முகத்து மூடியைப் போடவில்லை.

"அண்ணா, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"டீச்சர், நீங்க தள்ளி நில்லுங்க."

"சரியா இருந்தா எதுக்குத் தள்ளி நிக்கோணும்?"

நாச்சிமுத்துவின் கண் பேனல் கதவுக்குப் போய்த் திரும்பியது. அவர் கழுத்து வேர்த்திருந்தது.

டீச்சர் அவரையே பார்த்தபடி கைப்பிடியை மேலே தள்ளத் தொடங்கினார்.

"ஒரு போல்ட்டு இறுக்கோணுங்க" என்றார் நாச்சிமுத்து. "மறந்துட்டேன்."

டீச்சர் கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். நாச்சிமுத்து கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே கையை விட்டார். ஸ்பேனர் ஒருமுறை கீழே விழுந்தது. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தூணுக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலர் அதைப் பார்த்தார்கள்.

கதவை மூடினார். "இப்பச் சரிங்க."

டீச்சர் பக்கவாட்டில் நின்று, மூடியை முகத்தில் இறக்கி, கைப்பிடியைத் தள்ளினார். மீட்டர் முள் மெதுவாக ஏறியது. ஏறி நின்றது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ரெசிஸ்டன்ஸ் ஒதுங்கிக்கொண்ட சத்தம். உலை முனக ஆரம்பித்தது.

ஆட்கள் கை தட்டினார்கள். சம்பத் வந்து இருவருக்கும் கை கொடுத்தார். நாச்சிமுத்துவின் கையையும் பிடித்துக் குலுக்கினார். நாச்சிமுத்து யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் நாச்சிமுத்து தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டீச்சர் அதை எடுத்துப் பழைய செம்பு போடுகிற டிரம்முக்குள் போட்டார்.

"நாளைக்கு நான் வரலாமுங்களா?"

"வாங்க."

அவர் வந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோகிலாவின் குழந்தை நடக்க ஆரம்பித்தது. பட்டறைக்கு ஒருமுறை கூட்டி வந்தார். குழந்தை தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தது. அன்று அவர் சிரித்ததைப் பட்டறையில் எல்லோரும் பார்த்தார்கள்.

கோடை பிறந்தது. கரண்ட் அடிக்கடி போய் வந்தது.

ஒரு காலையில் அந்த ஃபவுண்டரியில் பேனல் வெடித்தது என்று சேதி வந்தது. முன்னால் நின்றிருந்தவன் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பிகாஷ். அங்கேயே செத்துப்போனான்.

டீச்சரும் நாச்சிமுத்துவும் போனார்கள். பேனல் கதவு பிய்ந்து தூரத்தில் கிடந்தது. டீச்சர் டார்ச் அடித்து உள்ளே காட்டினார். ரெசிஸ்டன்ஸின் ஒரு முனையில் செம்பு உருகி ஒட்டியிருந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

இரும்பு இறுகுகிறது, தகடு வை என்று சம்பத் சொன்னதை அங்கே எல்லோரும் கேட்டிருந்தார்கள். கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பிகாஷே வைத்துக்கொண்டான் என்று ஃபவுண்டரி சொன்னது. பிகாஷின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் தம்பியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் டீச்சருக்குப் போன் செய்தார். பேனலை மாட்டிக் கொடுத்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்று ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"நான் வர்றேன்" என்றார் டீச்சர்.

"கட்டினது நானுங்க" என்றார் நாச்சிமுத்து, பக்கத்திலிருந்து. "நான்தான் போகோணும்."

விசாரணை நாளில் இருவரும் போனார்கள். இன்ஸ்பெக்டரின் அறையில் சம்பத்தும் அவருடைய வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் பிகாஷின் அண்ணன் இருந்தார்.

நாச்சிமுத்து தெளிவாகச் சொன்னார். பேனலில் ரெசிஸ்டன்ஸ் இருந்தது. நன்றாக வேலை செய்தது. மீட்டர் முள் மெதுவாக ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். தகட்டை வைக்கச் சொன்னது மேலே இருப்பவர்கள்தான். இதற்கு முன்னால் தன் மருமகன் செத்ததும் இப்படித்தான்.

அவர் பேசி முடிக்கும்வரை வக்கீல் குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்.

"ஐயா, பேனல் மாட்டின அன்னைக்கு, ஆன் பண்றதுக்கு முன்னால, நீங்க உள்ள இருந்து ஒண்ணை எடுத்துச் சட்டைப் பையில போட்டீங்க. பார்த்தவங்க இருக்காங்க. அது என்ன?"

நாச்சிமுத்து திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஸ்பேனர் என்றோ பழைய போல்ட் என்றோ சொல்லியிருக்கலாம்.

"செம்புத் தகடுங்க" என்றார்.

"அதை யாரு உள்ள வெச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

நாச்சிமுத்து சம்பத் பக்கம் கையைக் காட்டினார். "இவரைக் கொல்றதுக்கு."

சம்பத் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "ஐயா, இதை நான் எழுதோணுமா?" என்றார்.

"எழுதுங்க."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?" என்று வக்கீல் கேட்டார். இந்தக் கேள்வி அவருக்குத் தேவையில்லாதது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டதுபோல இருந்தது.



"தெரியலீங்க" என்றார் நாச்சிமுத்து.

அதோடு அவருடைய சாட்சி செல்லாமல் போனது. கொல்ல நினைத்த மனிதன் சொல்வதை எப்படி நம்புவது என்று வக்கீல் கேட்டார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். டீச்சரும் தன் பங்குக்குச் சொன்னார். அவருடைய பட்டறை ஆளே தகடு வைத்தவர் என்றான பிறகு அதுவும் எடுபடவில்லை. சம்பத் எழுந்து காரில் போனார். போலீஸிலிருந்து கூப்பிடுவார்கள், வெளியூர் எங்கும் போக வேண்டாம் என்று நாச்சிமுத்துவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்தபோது பிகாஷின் அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தம்பிக்காகப் பேச வந்தவர் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாச்சிமுத்துவைப் பார்த்துக் கை கூப்பினார்.

நாச்சிமுத்துவால் திருப்பிக் கும்பிட முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. டீச்சர் இரண்டு இளநீர் வாங்கிவந்து ஒன்றைக் கொடுத்தார். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"தகடு உள்ள இருக்கறது அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தகடு தெரியாதுங்கண்ணா. உங்க மூஞ்சி தெரிஞ்சுது."

"நான் வாய் திறக்காம இருந்திருந்தா?"

"தள்ளியிருப்பேன்."

"முதல் தடவையே வெடிக்கற மாதிரிதான் வெச்சிருந்தேன். செத்திருப்பீங்க."

"ஆமாங்க."

ஒரு பஸ் வந்து நின்று போனது. இருவரும் ஏறவில்லை.

"நீங்க குறுக்க வந்திருக்காட்டி சம்பத்து அன்னைக்கே போயிருப்பான்" என்றார் நாச்சிமுத்து. "இந்தப் பையன் இன்னைக்கு உசுரோட இருப்பான்."

"இருப்பாரு."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். டீச்சர் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தவர் போலிருந்தது.

"அதை நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்காம எப்படிங்க."

"உங்களுக்கு அது உறுத்தலீங்களா?"

"உறுத்துது. அந்தப் பையனோட அண்ணன் கும்பிட்டப்ப எனக்கும் நிக்க முடியலை."

"மறுபடியும் அதே மாதிரி ஒரு நாள் வந்தா?"

"குறுக்கதான் நிப்பேன்."

நாச்சிமுத்து இளநீரைத் தரையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

"எதுக்குங்க டீச்சர்? அந்த ஆளு பொழைக்கறதுக்கா?"

"அவருக்காக நான் நிக்கலீங்க."

"அப்புறம்?"

வசந்தமணி டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு அவரு செத்திருந்தா, கொஞ்சம்கூட உறுத்தாம வீட்டுக்குப் போய் நீங்க நல்லாத் தூங்கியிருப்பீங்கண்ணா. அதுக்கப்புறம் உங்களை எழுப்பறதுக்கு என்னால ஆகியிருக்காது."